விருப்பம் போடுகிறவர்கள் எல்லாம் வாசகர்களா?

எழுத்தில் ஆர்வமுள்ள இளம் சகோதரிகள் சிலர் அண்மையில் ஏறத்தாழ ஒரே கேள்வியை எழுதியனுப்பியிருக்கிறார்கள். பத்திரிகைக்கு ஆக்கம் அனுப்பினால் பிரசுரமாகுமா, இல்லையா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் முகநூலில் எழுதத் தொடங்கினோம். ஆனால் அங்கும் யாரும் வாசிப்பதாகத் தெரியவில்லை. வாசகர்களைச் சேர்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி. ஒரு சகோதரி மட்டும் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார். "வாசகரைத் தேடிப் போவது பெருமை தேடுவதாகாதா என்று உம்மா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை."

உம்மாவின் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்வோம். அது இலேசான கேள்வியல்ல. முகஸ்துதியைப் பற்றி நமது மார்க்கம் செய்துள்ள எச்சரிக்கை சாதாரணமானதன்று. ஆயினும் வாசகரைத் தேடுவதும் புகழைத் தேடுவதும் ஒன்றென்று நான் நினைக்கவில்லை. அறிஞர் சித்திலெப்பை 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தபோது அவருக்காக வாசகர் கூட்டமொன்று வீதியில் காத்து நிற்கவில்லை. கல்வியின் அவசியத்தை உணராதிருந்த ஒரு சமூகத்துக்கு அதை உணர்த்தவே அவர் பத்திரிகை நடத்தினார். வாசகரையும் அவரேதான் உருவாக்க வேண்டியிருந்தது. 1966இல் 'மல்லிகை'யை ஆரம்பித்த டொமினிக் ஜீவா, தமது சஞ்சிகையைத் தாமே சுமந்து தெருத்தெருவாக விற்றார் என்பது இலக்கிய உலகம் நன்கறிந்த செய்தி. அவர் தேடியது பெருமையை என்று யாரும் சொன்னதில்லை. நமது உம்மாமாரின் காலத்தில் வானொலி முஸ்லிம் நிகழ்ச்சிக்கும் மாதர் மஜ்லிஸுக்கும் ஆக்கம் எழுதியனுப்பிவிட்டு, அது வாசிக்கப்படும் நாளில் அண்டை அயலாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எத்தனை பேர்! அதுவும் வாசகரைத் தேடுவதுதான். எண்ணம் எப்படி என்பதை அவரவரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை நானோ உங்கள் உம்மாவோ தீர்ப்புச் சொல்ல இயலாது.

இனி முகநூலுக்கு வருவோம்.

முகநூலில் உங்களுக்கு ஆயிரம் நண்பர்கள் இருக்கிறார்கள் என்றால், நீங்கள் எழுதுவது ஆயிரம் பேருக்கும் போய்ச் சேருகிறது என்று எண்ணிவிடாதீர்கள். யாருக்கு எதைக் காட்டுவது என்பதை ஒரு கணக்கு முறை தீர்மானிக்கிறது. எந்தப் பதிவுக்குக் கருத்துரைகளும் பகிர்வுகளும் குவிகின்றனவோ அதையே மேலும் பலருக்குக் காட்டும் தன்மை அதற்குண்டு. 2018 ஜனவரியில் அந்நிறுவனம் நண்பர், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி இம்முறையை மாற்றியபோது, 'பக்கம்' வைத்து நடத்திய பத்திரிகைகளும் எழுத்தாளர்களும் தங்களது பதிவுகள் சென்றடையும் ஆட்களின் தொகை சடுதியாகக் குறைந்துவிட்டதைக் கண்டார்கள். அவர்களுடைய எழுத்தின் தரம் ஓரிரவில் கெட்டுவிடவில்லை. கடைக்காரர் தட்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டார், அவ்வளவுதான். ஆகவே இன்று உங்கள் கவிதைக்குப் பத்து விருப்பமும் நாளை உங்கள் பூனையின் படத்துக்கு நூறு விருப்பமும் வந்தால் மனமுடைந்து போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயிரம் சொல் கொண்ட கட்டுரையொன்றைப் பதிவிட்டுப் பத்து வினாடி ஆகுமுன்னே "மாஷா அல்லாஹ், அருமை" என்று கருத்துரை வந்துவிடுகிறது. எழுதியவர் நம் மச்சியாகவோ சாச்சியின் மகளாகவோ இருப்பார். அன்பினால் எழுதுகிறார், அந்த அன்புக்கு அல்லாஹ் கூலி கொடுப்பானாக. ஆனால் அவர் வாசிக்கவில்லை. வாசகர் யாரென்றால், மூன்று நாள் கழித்து வந்து "நீங்கள் சொன்ன அந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை" என்பவர். "என் உம்மம்மாவும் இப்படித்தான் சொல்வா" என்று தன் கதையைச் சொல்பவர். ஒன்றும் எழுதாமல், உங்கள் பதிவைத் தன் ராத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போகிறவரும் வாசகர்தான். அப்படி ஐம்பது பேர் கிடைத்துவிட்டால் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். நமது நாட்டில் தமிழ்க் கவிதைத் தொகுதியொன்றை 300 அல்லது 500 பிரதிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் முதற்பிரதியைத் தனவந்தர் ஒருவர் பெற்றுக்கொள்ள, மிகுதியில் பாதி கட்டுக் கட்டாக வீட்டு அலுமாரியில் கிடப்பதை நாம் காணாமலில்லை. ஐம்பது மெய்யான வாசகர் என்பது அதற்குக் குறைந்ததன்று.

அந்த ஐம்பது பேரை எப்படிச் சேர்ப்பது? எல்லோருக்காகவும் எழுதுகிறேன் என்று தொடங்குகிறவரை ஒருவரும் தேடி வருவதில்லை. இன்ன விடயத்துக்கு இவரிடம் போக வேண்டும் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு உண்டாக வேண்டும். கிழக்கிலங்கையில் பிறந்த ஒருவர் குரவை, தாலாட்டு, பழைய கலியாண வழக்கங்கள், இன்று வீட்டில் வழங்காமல் போய்விட்ட சொற்கள் என்று வாரம் ஒன்று எழுதினால் போதும், ஓராண்டில் அவருக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலும் மன்னாரிலும் வாழ்ந்தவர்கள் இன்று புத்தளத்திலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் சிதறிக் கிடக்கிறார்கள். அந்த வீடுகளையும் கிணற்றடிகளையும் பற்றி உம்மா சொன்னதை ஒரு மகள் எழுதினால், வாசகரை அவள் தேட வேண்டியதில்லை. "நாங்களும் அந்த ஒழுங்கைதான்" என்று அவர்களே வருவார்கள். இப்படி எழுதப்பட வேண்டியவை நம்மிடம் நிறைய இருக்க, காதலையும் மழையையும் பற்றியே எல்லோரும் எழுதுவது ஏனென்று எனக்கு விளங்குவதில்லை.

நாள் தவறாமை அடுத்தது. வாரம் ஒரு நாள், ஒரே நேரம். வெள்ளிக்கிழமை காலையை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று 'ஜும்ஆ முபாரக்' படங்களின் வெள்ளத்தில் உங்கள் எழுத்து அள்ளுண்டு போய்விடும்! வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம்மவர்களும் வாசிக்க வேண்டுமென்று விரும்பினால், சவூதிக்கும் கட்டாருக்கும் நமக்குமிடையே இரண்டரை மணித்தியால வித்தியாசம் இருப்பதை நினைவில் வையுங்கள். வியாழன் இரவு நமக்கு ஒன்பது மணி என்றால் அங்கே மாலை ஆறரை. மறுநாள் அவர்களுக்கு விடுமுறை, ஆறுதலாக வாசிப்பார்கள். நோன்பு காலத்தில் நேரமெல்லாம் மாறிவிடும். இஃப்தாருக்கு முன்னர் எவரும் கட்டுரை வாசிக்க மாட்டார்கள், கஞ்சிக் கோப்பையைத்தான் பார்ப்பார்கள்.

முகநூலில் நீண்ட பதிவொன்றின் முதல் சில வரிகளே கண்ணுக்குத் தெரியும். மிகுதியைக் காண அதை அழுத்தித் திறக்க வேண்டும். "மனித வாழ்வு என்பது இன்ப துன்பங்கள் நிறைந்தது" என்று தொடங்கினால் யார் திறப்பார்கள்? "இடியப்பத் தட்டுகளில் ஒன்று உடைந்த நாளிலிருந்து உம்மம்மா எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இடியப்பம் அவிக்கத் தரவில்லை" என்று தொடங்கிப் பாருங்கள். நானாக இருந்தால் திறந்துவிடுவேன்.

எழுத்துரு விடயத்திலும் நம்மவர் பலர் இடறுகிறார்கள். நமது அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதும் பழக்கம் நீண்ட காலமாக உண்டு. பாமினியில் எழுதியதை அப்படியே எடுத்து முகநூலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக்களின் குழப்பமாகத்தான் தெரியும். யுனிகோட் முறைக்கு மாற்றித்தான் போட வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று கவிதையைப் படமாக்கி, பின்னால் ரோஜாப் பூவும் போட்டுப் பதிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அடுத்த வருடம் ஒருவர் அக்கவிதையின் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடினால் கிடைப்பது அரிது. எழுத்தை வாசித்துக் காட்டும் கருவியின் உதவியோடு கைத்தொலைபேசி பாவிக்கும் பார்வையற்ற சகோதரருக்கும் அந்த ரோஜாப் பூவால் சிரமமே.

வாட்ஸ்அப் பற்றிப் பெண்கள் சற்றுக் கூடுதலாக அறிந்திருப்பது நல்லது. இலக்கியக் குழுமம் ஒன்றில் நீங்கள் சேர்ந்தால் உங்கள் தொலைபேசி இலக்கம் அதிலுள்ள அத்தனை பேருக்கும் தெரியவரும். பிறகு நள்ளிரவில் "உங்கள் கவிதை நன்று, எந்த ஊர்?" என்று தகவல் வரத் தொடங்கும். ஒலிபரப்புப் பட்டியல் என்ற வசதி வேறு விதமானது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்த்து ஒரே தடவையில் அனுப்பலாம். பெறுகிறவர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். உங்கள் இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கே அது போய்ச் சேரும். எனவே உறவினர், தோழியர் வட்டத்துக்கு இது பொருத்தம். அறியாதவர்களும் வாசிக்க வேண்டுமென்றால் 2023இல் அறிமுகமான 'சேனல்' முறை இருக்கிறது. அதைப் பின்தொடர்கிறவர்களுக்கு நடத்துபவரின் இலக்கம் காட்டப்படுவதில்லை. முகநூலிலும் புனைபெயரில் எழுத விரும்புகிறவர் தனிக்கணக்கைப் புனைபெயரில் திறப்பதைவிட 'பக்கம்' ஒன்றை அப்பெயரில் திறப்பதே மேல். தனிக்கணக்குக்கு வழக்கிலுள்ள பெயரையே கேட்பது அந்நிறுவனத்தின் விதி. யாராவது முறைப்பாடு செய்தால் ஒரு நாள் கணக்கே பூட்டப்பட்டுவிடலாம். பக்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தனித் தகவல் அனுப்பும் வசதியையும் நிறுத்தி வைக்கலாம். வாசகர் சற்று மெதுவாகச் சேருவர் என்பதுதான் குறை. குடும்பப் பெண்ணுக்கு அந்தக் குறை பெரிதில்லை என்பது என் அபிப்பிராயம்.

முகப்படம் போடாவிட்டால் வாசகர் சேரமாட்டார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். புனைபெயரில், படம் இல்லாமல் எழுதிய பெண்களைப் பத்திரிகைக் காலத்து வாசகர் வருடக்கணக்காக விரும்பி வாசித்தார்கள். இன்று மட்டும் ஏன் மாட்டார்கள்?

படத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்றில் இருக்கிறது. வாசகரைச் சேர்க்க மிக இலகுவான வழி வீட்டுக் கதையை வெளியே வைப்பதுதான். மாமியோடு பட்ட சச்சரவு, கணவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பாத மாதம், சீதன வீட்டைப் பற்றி ராத்தாவின் மாப்பிள்ளை சொன்ன சொல், மகள் பெரிய பிள்ளையான செய்தி. இவற்றை எழுதினால் நூற்றுக்கணக்கில் கருத்துரை வரும், ஐயமில்லை. ஏனெனில் ஒவ்வொரு வீட்டிலும் அதே கதை இருக்கிறது. ஆனால் மாமிக்கும் ஊரில் ஒரு மரியாதை உண்டு. மகளுக்கு நாளை பதினெட்டு வயதாகும்போது, அவள் பன்னிரண்டு வயதில் அழுததை அவளுடைய பாடசாலைத் தோழிகள் தேடி எடுத்து வாசிப்பார்கள். பாடசாலைச் சீருடையோடு பிள்ளையின் படத்தைப் போடுவது, அவள் எந்தப் பாடசாலை, எத்தனை மணிக்கு வாசலில் நிற்பாள் என்பதை ஊர் பேர் தெரியாதவனுக்கும் அறிவிப்பதாகும். வீட்டில் நடப்பவை எழுத்தாளருக்கு மூலப்பொருள்தான், அதை மறுக்கவில்லை. கதையாக்குங்கள், ஊரை மாற்றுங்கள், ஆளை மாற்றுங்கள், காலத்தை மாற்றுங்கள். உயிரோடிருக்கும் ஒருவர் "இது நான்தான்" என்று கண்டுகொள்ளக்கூடியதாக இருந்தால், பதிவிடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் அதைப் பதிவிடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். புறம் பேசுவது நாவினால் மட்டும் நடக்கும் காரியமன்று, விரலாலும் நடக்கும்.

கோபத்தினால் வாசகரைச் சேர்ப்பது இன்னொரு குறுக்கு வழி. முகநூலின் கணக்கு முறைக்குச் சண்டை மிகவும் பிடிக்கும் என்று மேலே சொன்னேன். அதன் விளைவை நமது சமூகம் நேரிலேயே கண்டது. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது நமக்கு எதிரான வெறுப்புப் பதிவுகள் முகநூலில் எப்படிப் பரவின என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020இல் அந்நிறுவனமே அதற்காக வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அந்த வருத்தம் பிந்திப் போய்விட்டது. அவ்வளவு பட்ட பிறகும், உறுதிப்படுத்தாத செய்தியை நம்மவரே ஆத்திரத்தோடு பகிர்வது சரியாகுமா? அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்து அறியுமாறு நம்பிக்கையாளர்களுக்கே கட்டளையிடுகிறது.

ஆத்திரமின்றி எழுதியவர்களும் துன்பப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். 2021இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். ரம்சி ராசிக் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், சிங்களத்தில் எழுதுபவர். வெறுப்புப் பிரசாரத்துக்குப் பேனாவினாலும் விசைப்பலகையினாலும் கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்ற கருத்தில் எழுதியவர், அதற்கு 'ஜிஹாத்' என்ற சொல்லைப் பாவித்திருந்தார். 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு, ஐந்து மாதங்களுக்குப் பின்னரே பிணையில் வந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லது. ஆனால் நோயாளியான ஒரு மனிதர் சிறையில் கழித்த மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. எழுதுகிறவர்களின் வாயை அடைக்கும் என்று பலராலும் அது கண்டிக்கப்பட்டது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்தி எழுதாமல் செய்வதற்கல்ல. ரம்சி ராசிக் மீது ஒரு குற்றமுமில்லை என்பதே என் நிலைப்பாடு. ஆனால் நமக்குள்ளே ஒரு பொருளில் வழங்கும் அரபுச் சொல், முகநூலில் நம்மை அறியாதவரின் கண்ணில் வேறொரு பொருளில் விழுகிறது என்பதை எழுதும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். சஞ்சிகையில் எழுதினால் வாசகர் யாரென்று நமக்கு ஓரளவு தெரியும். பதிவொன்றின் ஒரு வரியை மட்டும் வெட்டிப் படமெடுத்துப் பரப்புகிறவர் யாரென்று தெரியாது. நான் சொல்லும் யோசனை சிறியது. சமூகம், அரசியல் பற்றிய எதையும் இரவில் பதிவிடாதீர்கள். எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். சுபஹுத் தொழுகைக்குப் பின் இன்னொரு முறை வாசித்துவிட்டு, வீட்டில் நிதானமான ஒருவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுப் பதிவிடுங்கள்.

களவைப் பற்றியும் பலர் முறையிட்டிருக்கிறார்கள். உங்கள் எழுத்து ஒரு நாள் பெயரில்லாமல், 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு உங்களுக்கே வந்து சேரும். நம்மவருக்கு இது களவாகவே தோன்றுவதில்லை. நன்மையான விடயத்தைப் பரப்புகிறோம் என்று நினைக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய மாத்திரத்திலேயே உரிமை எழுதியவருக்கு உண்டு. எங்கும் பதிய வேண்டியதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலின் மேல் யார் வழக்குப் போடுவது? பெயரைக் கடைசியில் மட்டும் போடாமல் தொடக்கத்திலும் போடுங்கள். கடைசி வரியை வெட்டுவதுதான் எல்லோருக்கும் இலகு.

எழுதியவற்றின் பிரதியை வேறோரிடத்தில் வைத்துக்கொள்வதும் முக்கியம். ஓர்குட் 2014இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. நீண்ட கட்டுரைகளை எழுதி வைக்க உதவிய முகநூலின் 'குறிப்புகள்' பகுதியில் 2020 ஒக்டோபரோடு புதிதாக எதுவும் எழுத முடியாமற் போயிற்று. நமது நாட்டிலேயே 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்கள் நாட்கணக்கில் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் ஒரு நாள் அளவில் முடக்கப்பட்டன. வாடகை வீட்டில் தென்னை நட்டால் காய் பறிக்க வீட்டுக்காரர் விட வேண்டும். பதிவிடும் ஒவ்வொன்றையும் திகதியோடு மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். இயன்றால் கொப்பியிலும் எழுதி வையுங்கள். தேறியவற்றைச் சஞ்சிகைகளுக்கும் அனுப்புங்கள். அங்கே ஓர் ஆசிரியர் வெட்டித் திருத்துவார். வலிக்கும்தான், ஆனால் முகநூலில் அந்த வேலையைச் செய்ய ஒருவருமில்லை.

வாசிக்கத் தெரியாத, அல்லது கண் மங்கிய உம்மம்மாமாரும் வாப்பும்மாமாரும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அரபுத் தமிழ் மாலைகளை ஒருவர் ஓத மற்றவர்கள் கேட்டிருந்த காலத்தவர்கள் அவர்கள். உங்கள் கதையை ஐந்து நிமிடக் குரல் பதிவாக வாசித்துப் பேத்திமாரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். வேகமாக வாசிக்க வேண்டாம். குரலை எல்லோருக்கும் வெளியிட விருப்பமில்லாதவர்கள் ஒலிபரப்புப் பட்டியலில் உள்ள பெண்களுக்கு மட்டும் அனுப்பலாம். அந்த மூதாட்டிகள் விருப்பம் போடமாட்டார்கள், "அந்தப் புள்ளட கதை இந்தக் கிழமை வரல்லையா?" என்று கேட்பார்கள்.

சிறுவர் கதைகள் எழுதுவது பற்றி வந்திருக்கும் கேள்விகளை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.